மங்கலாகத் தெரிவதும் பொடியாகத் தெரிவதும்

கடைகளுக்கான கணக்கு, பில் மென்பொருள் ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வின்டோஸில் ஓடுவது, திரையில் பெரும்பாலும் தமிழ்தான். கடைக்காரர்கள் புது லேப்டாப் வாங்கியதும் வரும் போன் அழைப்புகளில் இரண்டு புகார்கள் மட்டும் மாறுவதே இல்லை. ஒன்று, "எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு சார்." இன்னொன்று, "எழுத்து பொடிப்பொடியா இருக்கு, பட்டனை அமுக்கவே முடியல." சொல்பவருக்கு இரண்டும் ஒரே தொந்தரவு. மென்பொருள் எழுதுகிறவருக்கு இவை நேரெதிரான இரண்டு கோளாறுகள். எது எதனால் வருகிறது என்று தெரியாமல் கைவைத்தால் முதலாவதைச் சரிசெய்யப் போய் இரண்டாவதில் மாட்டுவோம். இணையத்தில் கிடைக்கும் "ஒரே வரியில் தீர்வு" குறிப்புகள் பெரும்பாலும் நம்மைக் கொண்டுபோய் விடுவது அங்கேதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் எங்கும் இருந்த 15.6 அங்குல லேப்டாப்பின் திரை 1366×768. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல். அதே 15.6 அங்குலம் 1920×1080 ஆனபோது அங்குலத்துக்கு 141 ஆனது. 13.3 அங்குலத்தில் 3840×2160 வைத்தால் 331. ஒரு பட்டனின் உயரம் 24 பிக்சல் என்று நிரலில் எழுதி வைத்திருந்தால், முதல் திரையில் அது 6 மில்லிமீட்டர், இரண்டாவதில் 4.3, மூன்றாவதில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதன்மேல் மௌஸைக் கொண்டுபோய் நிறுத்துவதே பெரும்பாடு.

பிக்சலை நீள அளவாக நம்பும் பழக்கம் பழையது. 1984-இல் வந்த மேக்கின்டாஷின் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். எழுத்தின் அளவைச் சொல்லும் பாயின்ட்டும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. வின்டோஸ் 96-ஐ எடுத்துக்கொண்டது. காகிதத்தைவிடத் திரை கண்ணுக்குத் தள்ளி இருக்கிறது, அதனால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டினால் படிக்க வசதி என்பது அதன் கணக்கு. பல வருடங்கள் எல்லா மானிட்டர்களும் ஏறக்குறைய இந்த அடர்த்தியிலேயே வந்ததால், 96 என்ற எண் ஓர் அனுமானம் என்பதே நிரலாளர்களுக்கு மறந்துபோனது. ஆனால் 2001-லேயே ஐபிஎம் நிறுவனம் டி220 என்ற மானிட்டரைக் கொண்டுவந்திருந்தது. 22.2 அங்குலம், 3840×2400, அங்குலத்துக்கு 204 பிக்சல். வன்பொருள் அன்றைக்கே வந்துவிட்டது. அதில் பார்க்கத் தகுந்த மென்பொருள்தான் இல்லை.

மங்கல் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்ணைத்தான் டிபிஐ என்பார்கள். 2007-இல் வெளியான வின்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி செய்தது. ஒரு மென்பொருள் "எனக்கு டிபிஐ தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அறிவிக்கவில்லையென்றால், வின்டோஸ் அதனிடம் "திரை 96 டிபிஐ-தான்" என்றே சொல்லும். திரையின் அளவு, மௌஸ் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அதற்கேற்பக் குறைத்துச் சொல்லும். மென்பொருள் அதை நம்பிப் பழைய அளவில் வரையும். வரைந்த படத்தை வின்டோஸ் எடுத்து, ஸ்கேலிங் என்ற அமைப்பில் 125 சதவீதமோ 150 சதவீதமோ எது இருக்கிறதோ அந்த அளவுக்குப் பெரிதாக்கித் திரையில் ஒட்டும். ஜன்னல் சரியான அளவில் வந்துவிடும், பட்டனை அமுக்கலாம், எதுவும் வெட்டுப்படாது. ஆனால் 4 பிக்சலில் வரைந்ததை 5 பிக்சலில் பரப்பும்போது கோட்டின் விளிம்பு ஒரு பிக்சலின் நடுவே வந்து விழுகிறது. அதைச் சாம்பல் நிறத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதுதான் மங்கல்.

ஆங்கிலத்துக்கு இது எரிச்சல் என்றால், தமிழுக்கு இது நிஜமான பிரச்சினை. கணக்குத் திரைகளில் எழுத்து சிறியதாகத்தான் இருக்கும். அந்த அளவில் புள்ளி என்பது ஒன்றிரண்டு பிக்சல். அதைப் பெரிதாக்கிப் பரப்பினால் எழுத்தின் மேல்கோட்டுச் சாம்பல் கறையில் அது கலந்துவிடும். ன-வுக்கும் ண-வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். சுழிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளி அரை பிக்சல் நகர்ந்தாலே அடைத்துப்போகும். லி, லீ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாடிக்கையாளர் பேரேட்டில் பெயரைத் தேடி எடுக்கிற வேலையில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. நல்ல அடர்த்தியான திரையில், பெரிதாக்கிய படமாக இல்லாமல் நேரடியாக வரைந்த தமிழ் எழுத்தை முதல்முறை பார்த்தபோது, நம் எழுத்தின் வளைவுகள் இவ்வளவு காலமும் எத்தனை நெருக்கடியில் இருந்திருக்கின்றன என்று தோன்றியது. இந்த வேலையில் நான் இவ்வளவு நேரம் செலவழித்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, பொடி எழுத்துக்கு வருவோம். மங்கலைப் பார்த்த நிரலாளர் தேடுவார். மென்பொருளைப் பற்றி வின்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் மங்கல் போய்விடும் என்று எங்கோ படிப்பார். சேர்ப்பார். மங்கல் உடனே போய்விடும். ஏனென்றால் வின்டோஸ் தன் உதவியை நிறுத்திக்கொண்டது. அந்த வரி வின்டோஸுக்குக் கொடுக்கும் வாக்கு. "நீ பெரிதாக்க வேண்டாம், நானே சரியான அளவில் வரைவேன்" என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பட்டன் இன்னும் 24 பிக்சல், கிரிட் எனும் அட்டவணையின் வரிசை இன்னும் 22 பிக்சல், ஐகான் 16×16. எல்லாம் துல்லியமாக, பொடிப்பொடியாக வந்து நிற்கும். ஜாவா 8-இல், ஜன்னல்களை வரையும் ஸ்விங் என்ற தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்ட மென்பொருள்கள் அடர்த்தியான வின்டோஸ் திரைகளில் பட்டன்கூடத் தெரியாமல் சுருங்கிக் கிடந்தது இதனால்தான். இயக்கும் நிரல் வாக்குக் கொடுத்திருந்தது, வரைகிற பகுதி அதைக் காப்பாற்றவில்லை. 2017-இல் ஜாவா 9 வந்தபிறகுதான் அது தீர்ந்தது.

என் கட்சி இதுதான்: வாக்கைக் காப்பாற்றுகிற வேலையை முடித்துவிட்டுத்தான் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். அதுவரை மங்கலாக இருக்கட்டும். மங்கலான திரையில் ஒருவர் சிரமப்பட்டாவது பில் போட்டுவிடுவார். பொடியான திரையில் அவர் செய்வதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்: மொத்தக் கம்ப்யூட்டரின் ரெசல்யூஷனையும் 1366×768-க்கு இறக்கிவிடுவார். காசு கொடுத்து வாங்கிய நல்ல திரை, நம் ஒரு மென்பொருளுக்காக, பிரௌசர் முதல் வீடியோ வரை எல்லாவற்றிலும் மங்கிப்போகும். அவர் குறைசொல்லக்கூட மாட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அந்த வாக்கிலும் மூன்று நிலைகள் உண்டு. ஒன்றும் அறிவிக்காதது முதல் நிலை. இரண்டாவது, கம்ப்யூட்டரில் லாகின் செய்த நேரத்தில் முதன்மைத் திரைக்கு என்ன ஸ்கேலிங் இருந்ததோ அந்த ஓர் எண்ணை மட்டும் தெரிந்துகொள்வது. லேப்டாப் திரையில் 150 சதவீதம், பக்கத்து மானிட்டரில் 100 சதவீதம் என்று இருந்தால், ஜன்னலை அங்கே இழுத்ததும் வின்டோஸ் மறுபடி அதைப் படமாக எடுத்துச் சுருக்க வேண்டியிருக்கும். மூன்றாவது நிலை 2013-இல் வின்டோஸ் 8.1-உடன் வந்தது. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி எண். ஜன்னல் இடம் மாறும்போது "டிபிஐ மாறிவிட்டது" என்று வின்டோஸ் செய்தி அனுப்பும், மென்பொருள் தன்னைத் திரும்ப வரைந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் இது அரைகுறையாகத்தான் இருந்தது. ஜன்னலின் உள்ளே எல்லாம் மாறும், தலைப்புப் பட்டையும் மெனுவும் பழைய அளவிலேயே நிற்கும். 2017-இல் வின்டோஸ் 10-இன் கிரியேட்டர்ஸ் அப்டேட்டில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவற்றையும் வின்டோஸே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. இன்றைக்கு ஒருவர் புதிதாகத் தொடங்கினால் நேராக அந்த இரண்டாம் பதிப்புக்கே போய்விடலாம்.

அந்தச் செய்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிபிஐ மாறிய செய்தியோடு வின்டோஸ் ஒரு செவ்வகத்தையும் அனுப்புகிறது: "உன் ஜன்னல் இந்த இடத்தில், இந்த அளவில் இருக்கட்டும்" என்று. பலர் அதை ஒதுக்கிவிட்டுத் தாங்களே அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிக்கொள்வார்கள். அங்கேதான் வினோதமான ஒன்று நடக்கும். ஜன்னலை 150 சதவீதத் திரையிலிருந்து அதன் வலப்பக்கம் இருக்கும் 100 சதவீதத் திரைக்கு இழுக்கிறீர்கள். பாதிக்கு மேல் புதுத் திரைக்குப் போனதும் செய்தி வருகிறது, ஜன்னல் சுருங்குகிறது. இடது மேல்மூலையைப் பிடித்துக்கொண்டு சுருங்கினால், வலப்பக்கம் புதுத் திரையிலிருந்து விலகிப் பழைய திரையில் பெரும்பகுதி இருப்பதாக ஆகிவிடும். உடனே பழைய திரையின் டிபிஐ-க்கு மாறச் சொல்லி இன்னொரு செய்தி. ஜன்னல் பெரிதாகும், மறுபடி புதுத் திரை. கையில் மௌஸைப் பிடித்திருக்கும்போதே ஜன்னல் பெரிதும் சிறிதுமாகத் துடிக்கும். வின்டோஸ் தரும் செவ்வகம் இந்தச் சுழல் நேராதபடி கணக்கிட்டுத் தரப்படுவது. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழியில்லை.

அப்புறம் முழுமைப்படுத்துதல். பெருக்கி வரும் பின்னத்தை எங்கே முழு எண்ணாக்குகிறோம் என்பதில் பாதிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. கிரிட்டில் 33 பிக்சல் அகலமுள்ள பத்து நெடுவரிசைகள் இருக்கின்றன என்று வையுங்கள். 125 சதவீதத்தில் ஒன்று 41.25. ஒவ்வொன்றையும் 41 ஆக்கினால் மொத்தம் 410. இருக்க வேண்டியது 412.5. தலைப்பு வரி ஒரு விதமாகவும் உள்ளே இருப்பது வேறு விதமாகவும் கணக்கிட்டிருந்தால் கடைசி நெடுவரிசையில் கோடுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அகலத்தைப் பெருக்காமல் ஒவ்வொரு கோடும் எங்கே விழ வேண்டும் என்பதை மூல அளவிலிருந்து பெருக்கி, அதை முழு எண்ணாக்கி, இரண்டு கோடுகளின் வித்தியாசத்தை அகலமாக வைத்தால் இது நேராது. சில நெடுவரிசைகள் 41, சில 42 என்று வரும். கண்ணுக்குத் தெரியாது.

இதைவிட முக்கியம், மூல அளவை விட்டுவிடாமல் இருப்பது. 13 பிக்சல் உயரமுள்ள ஒன்று 125 சதவீதத் திரையில் 16.25, அதாவது 16. அந்த 16-ஐ வைத்துக்கொண்டு 150 சதவீதத் திரைக்கு மாற்றினால் 19.2, அதாவது 19. நேரடியாக 13-இலிருந்து போயிருந்தால் 19.5, அதாவது 20. ஒரு பிக்சல் காணாமல் போயிற்று. ஜன்னலை இங்கும் அங்கும் இழுக்க இழுக்க இப்படிக் கரையும். ஆகவே 96-ஐ அடிப்படையாகக் கொண்ட மூல எண்ணை எப்போதும் கையில் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும். ஜன்னல் எங்கே திறந்திருந்தது என்று செட்டிங்ஸில் சேமிக்கும் எண்களுக்கும் இதே விதி. மாலையில் பெரிய மானிட்டரில் மூடியவர் காலையில் வெறும் லேப்டாப்பில் திறப்பார்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ஜன்னல்களை உருவாக்கும் வசதியான வின்ஃபார்ம்ஸில் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள், ஏனென்றால் நம் ஊர்க் கடைகளில் ஓடும் மென்பொருள்களில் நிறைய அதில் எழுதப்பட்டவை. ஃபார்ம், அதாவது ஒரு ஜன்னல், தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ள அதில் ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஃபார்மின் வடிவமைப்பு பதிந்திருக்கும் டிசைனர் கோப்பைத் திறந்தால் 6, 13 என்று இரண்டு எண்கள் கிடக்கும். வடிவமைத்தபோது இருந்த எழுத்துருவின் சராசரி எழுத்து அகலமும் உயரமும் அவை. ஓடும்போது அந்த அளவு என்னவாக மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்த விகிதத்தில் எல்லாவற்றையும் பெருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அளவு லத்தீன் எழுத்துருவின் அளவு. மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப்பில் தமிழ் கிடையாது. தமிழ் வந்ததும் வின்டோஸ் நிர்மலா யூஐ-யிலிருந்து எழுத்தை எடுத்துப் போடும். அதன் வரி உயரம் அதிகம். ஃபார்முக்கு இது தெரியாது. லேபிளின் உயரத்தைக் கையால் குறித்து வைத்திருந்தால் கூ, து, நூ போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்படும். 100 சதவீதத்தில் தப்பித்தது 125-இல் மாட்டும். தமிழுக்கென்று எழுத்துருவை நாமே தேர்ந்தெடுத்துவிடுவதும், உயரத்தை எழுத்துருவிடமே கேட்டு வாங்குவதும்தான் இதற்கு மருந்து.

இன்னொன்று. டிசைனரை 150 சதவீத ஸ்கேலிங் உள்ள கம்ப்யூட்டரில் திறந்தால் ஃபார்ம் அந்த அளவுக்குப் பெரிதாகித் திறக்கும், சேமித்தால் பெரிதான எண்களே கோப்பில் பதியும். குழுவில் ஒருவர் 100-இலும் இன்னொருவர் 150-இலும் வேலை பார்த்தால், ஒரு லேபிளின் பெயரை மாற்றியதற்கு நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாக வந்து நிற்கும். நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோவே மேலே ஒரு மஞ்சள் பட்டை காட்டி, 100 சதவீதத்தில் திரும்பத் திறக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். குழுவில் எல்லோரும் சொல்ல வேண்டும்.

எங்கள் மென்பொருளில் ஒரு பகுதிக்கு மட்டும் இந்த வேலை பாதி முடிந்தே இருந்தது. ஆங்கிலத்திலிருந்த திரைகளைத் தமிழாக்கியபோது லேபிள்கள் நீண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அதற்காக இடத்தை எண்களால் குறிப்பதை விட்டுவிட்டு, அட்டவணைப் பேனல்களில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் உள்ளடக்கத்துக்கேற்ப விரியட்டும் என்று விட்டிருந்தோம். ஸ்கேலிங் வேலைக்கு வந்தபோது அந்தத் திரைகளில் ஏறக்குறைய ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. பட்டன் எங்கே, எவ்வளவு என்று சொல்லாமல், எதற்குப் பக்கத்தில் எது என்று மட்டும் சொல்லிவிட்டால் நீளமான சொல்லும் தாங்கும், பெரிய எழுத்தும் தாங்கும்.

அச்சிடும் பகுதியிலும் அப்படித்தான். பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர்களில் மிகப் பரவலானவை 203 டிபிஐ, மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. லேசர் பிரிண்டரில் 600. அச்சிடும் நிரலை எழுதிய யாரும் அங்கே புள்ளிகளை எண்ணி எழுதவில்லை. டாட்நெட்டின் அச்சு வசதியே அங்குலத்தில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. ஒரே பில் இரண்டு பிரிண்டரிலும் ஒரே அளவில் வருகிறது. அதே நிரலாளர், அதே மென்பொருளில், திரைக்கு வந்ததும் மட்டும் பிக்சலை எண்ணியிருக்கிறார். திரை ஒருபோதும் மாறாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த முரண்தான் எனக்கு வழிகாட்டியது: அச்சில் எப்படி யோசித்தோமோ அப்படியே திரைக்கும் யோசித்தால் போதும்.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அதை மறக்கக் கூடாது. அச்சில் மில்லிமீட்டர் என்றால் நிஜ மில்லிமீட்டர். திரையில் அப்படி இல்லை. மானிட்டரின் உண்மையான அடர்த்தியைக் கண்டுபிடித்து அதற்கேற்ப நாமே அளவு வைக்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். சாதாரண 24 அங்குல மானிட்டரில் 150 சதவீதம் வைத்திருக்கும் ஒருவர், கண் பார்வை குறைந்ததால் அப்படி வைத்திருக்கலாம். ஸ்கேலிங் என்பது உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் கேட்ட அளவு. வின்டோஸிடம் அந்த எண்ணைக் கேட்டு, அதற்குக் கட்டுப்பட வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களில் வயதானவர்கள் நிறைய. அவர்கள் கேட்ட அளவில் எழுத்தைத் தருவது மரியாதை என்றே நினைக்கிறேன்.

மேக்கில் இந்தத் தொல்லை குறைவு, காரணம் ஆப்பிள் கேள்வியையே சுருக்கிக்கொண்டது. 2005-இல் வந்த டைகர் என்ற மேக் பதிப்பின் காலத்தில் எந்த விகிதத்திலும் பெரிதாக்கும் முயற்சி ஒன்று நிரலாளர்களுக்கான சோதனையாக இருந்தது. அது முழுமை பெறவில்லை. 2012-இல் ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்தபோது 1440×900-ஐ நேர் இரட்டிப்பாக்கி 2880×1800 என்று வைத்தார்கள். மென்பொருள் அறிய வேண்டியது ஒன்றா, இரண்டா என்பது மட்டும். நடுவில் ஓர் அளவு வேண்டுமென்றால் இரட்டிப்பாக வரைந்து, முழுத் திரையையும் சுருக்கிக் காட்டும். லினக்ஸில் மென்பொருள்களின் ஜன்னல்களைத் திரைக்குக் கொண்டுவரும் வேலேண்ட் என்ற ஏற்பாட்டில் வெகுநாள் முழு எண்தான். அங்கே பின்ன விகிதத்துக்கான நெறிமுறை 2022-இல்தான் சேர்ந்தது. அதில் விகிதத்தை 120-இல் இத்தனை பங்கு என்று சொல்வார்கள், 1.25 என்றால் 150, 1.5 என்றால் 180. பின்னங்களால் வரும் தொல்லையை முழு எண்களுக்குள் அடக்கிய நல்ல ஏற்பாடு.

மென்பொருள் எழுதாதவர்களுக்கு ஒரு குறிப்பு. மங்கலாகவோ பொடியாகவோ வரும் பழைய மென்பொருள் உங்களிடம் இருந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் கம்பேட்டிபிலிட்டி, அதில் சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழே இருக்கும் ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து சிஸ்டம் என்று வைத்தால் பொடியாக வருவது சரியான அளவுக்கு வந்துவிடும், சற்று மங்கலாக. சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்று வைத்தால் பல பழைய மென்பொருள்களில் எழுத்து கூர்மையாகவே வரும்; 2017-இலிருந்து உள்ள வசதி. எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

எங்கள் மென்பொருளில் இப்போது ஒரே ஒரு ஜன்னல் பாக்கி. அறிக்கைகளை முன்னோட்டம் காட்டும் பகுதி, வெளியிலிருந்து வாங்கிய பழைய கன்ட்ரோல், அதாவது ஜன்னலில் அப்படியே பொருத்தும் தயார் உறுப்பு. அதன் மூல நிரல் எங்களிடம் இல்லை, செய்தவர்களும் இப்போது அதைப் பராமரிப்பதில்லை. வின்டோஸ் 10-இல் 2016-இலிருந்து ஒரே மென்பொருளுக்குள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி நிலை வைக்கலாம். ஜன்னலை உருவாக்கும் முன் அதை உருவாக்கும் இழைக்கு (நிரலின் ஓட்டத்துக்கு) நிலையை மாற்றிவிட்டு, உருவாக்கியதும் பழையபடி திருப்பிவிட வேண்டும். ஆகவே அந்த முன்னோட்டத்தை மட்டும் "டிபிஐ தெரியாது" என்ற முதல் நிலையிலேயே திறக்கிறோம். மற்ற திரைகள் கூர்மையாக இருக்க, அது மட்டும் சற்று மங்கலாக, ஆனால் படிக்கிற அளவில் வருகிறது. மாற்று கன்ட்ரோல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். அது 100, 125, 150, 200 நான்கிலும், இரண்டு மானிட்டர்களுக்கு நடுவே இழுக்கும்போதும் சரியாக நின்றபிறகுதான் பழையதை நீக்குவோம்.